ஒயினில் மிளகு எங்கிருந்து வந்தது?

பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் சிரா என்றொரு கருந்திராட்சை விளைகிறது. அதில் செய்த ஒயினை முகர்ந்தவர்கள் நெடுங்காலமாக ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள்: மிளகு. பீப்பாயில் யாரும் மிளகைப் போட்டதில்லை. தோட்டத்தின் அருகே மிளகுக் கொடியும் கிடையாது. அதனால் வெளியிலிருந்து கேட்பவருக்கு இது ஒயின் பிரியர்களின் அலங்காரப் பேச்சாகவே பட்டது. 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அந்தச் சொல்லுக்குரிய மூலக்கூறைக் கண்டுபிடித்துப் பெயர் சொன்னார்கள். ரோட்டண்டோன். நாம் ரசத்துக்குத் தட்டிப் போடும் மிளகின் மணத்துக்கும் இதுவே முக்கியக் காரணம் என்று அதே ஆய்வு காட்டியது.

ரோட்டண்டோன் வேதியியலுக்குப் புதிய பொருள் இல்லை. கோரைக் கிழங்கில் அது இருப்பது முன்பே தெரியும். கோரையின் தாவரவியல் பெயரான சைப்பரஸ் ரோட்டண்டஸிலிருந்துதான் மூலக்கூறுக்கும் பெயர் வந்தது. நலங்கு மாவில் அரைத்துச் சேர்க்கும் அதே கிழங்குதான். ஆனால் இவ்வளவு வீரியமான வாசனைப் பொருள் அது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடுகிறது. கணக்குப் போட்டால், ஒரு கிராம் ரோட்டண்டோன் 6 கோடி லிட்டர் ஒயினுக்கு மிளகு வாசம் ஏற்றப் போதும்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே இல்லை. தண்ணீரில் கலந்து கொடுத்தபோது மற்றவர்கள் லிட்டருக்கு 8 நானோகிராம் அளவிலேயே உணர்ந்தார்கள். இவர்களுக்கு 4,000 நானோகிராம் கொடுத்தும் வெறும் தண்ணீராகவே இருந்தது. ஒரே கோப்பையை முகர்ந்த இருவரில் ஒருவர் “மிளகு” என்றும் மற்றவர் “அப்படி ஒன்றும் இல்லையே” என்றும் சொன்னால், இருவருமே உண்மை சொல்கிறார்கள்.

ஒயினின் சுவைக்குறிப்புகளை நம்பலாமா என்ற பழைய கேள்விக்கு இங்கிருந்துதான் விடை தேட வேண்டும். குறிப்பில் வரும் சொற்கள் எல்லாம் ஒரே சாதி இல்லை. சில சொற்கள் கோப்பையில் இருக்கும் மூலக்கூறைச் சுட்டுகின்றன. சில, நம் வாய்க்குள் நிகழும் மாற்றத்தைச் சுட்டுகின்றன. மிச்சமுள்ளவை கண்ணும் மனமும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தவை. தென் பிரான்சின் திராட்சை ரகங்கள் குணத்தில் ஒன்றுக்கொன்று நன்றாக மாறுபடுவதால், இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வசதியானவை.

தெற்கின் திராட்சைகள்

லியோன் நகருக்குத் தெற்கே ரோன் பள்ளத்தாக்கில் தொடங்கி, கிழக்கே ப்ரொவான்ஸ், மேற்கே லாங்குடாக், ஸ்பெயின் எல்லையை ஒட்டி ருசியோன் வரை நீள்கிறது இந்தத் திராட்சை நாடு. கோடையில் கடும் வெயில், மழை அருமை. வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற வறண்ட காற்று அடித்துக் கொடிகளைப் பூஞ்சை தாக்காமல் காக்கிறது. இங்கே பெரும்பாலும் ஒற்றை ரகத்தில் ஒயின் செய்வதில்லை. கலந்து செய்வதே மரபு. ஷாட்டோநஃப்-து-பாப் என்ற புகழ்பெற்ற ஊரின் ஒயினுக்குப் பாரம்பரியமாக 13 ரகங்கள் அனுமதிக்கப்பட்டவை.

கலப்பின் நடுநாயகம் கிரெனாஷ். ஸ்பெயினில் கார்னாச்சா என்று அழைக்கப்படுவது. வெயிலை விரும்பும் ரகம். தோல் மெலிது, நிறம் குறைவு, சர்க்கரை அதிகம். நொதித்தலில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குவதால், கிரெனாஷ் ஒயின் 14, 15 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். காற்றுப் பட்டால் விரைவில் பழுப்பேறும் பலவீனமும் அதற்கு உண்டு. அதை ஈடுகட்ட, நிறமும் மணமும் தரும் சிராவைச் சேர்க்கிறார்கள். தடித்த தோலும் இறுக்கமான துவர்ப்பும் கொண்ட மூர்வெத்ர் மூன்றாவது. இதுவும் ஸ்பெயின் வழி வந்ததே. தாமதமாகப் பழுப்பது என்பதால் கடலோரத்து பாந்தோல் போன்ற வெப்பமான இடங்களே அதற்குத் தோது. பாந்தோலின் சிவப்பு ஒயினில் குறைந்தது பாதி மூர்வெத்ர் இருக்க வேண்டும், 18 மாதமாவது மரப்பீப்பாயில் முதிர வேண்டும் என்பது விதி. புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த காரிஞான், இலகுவான சான்ஸோ என்று வரிசை நீள்கிறது.

சிராவுக்கு ஒரு பூர்வீகக் கதை இருந்தது: பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கேரல் மெரிடித்தும் மொன்பெல்லியேயில் ழான்-மிஷேல் பூர்சிக்கோவும் 1990-களின் இறுதியில் செய்த டி.என்.ஏ. ஆய்வு அந்தக் கதையை முடித்துவைத்தது. சிராவின் பெற்றோர் துரேஸா, மொந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்கள். ஒன்று ரோனுக்கு மேற்கே ஆர்தெஷ் பகுதியைச் சேர்ந்தது, மற்றது ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவோய் பகுதியைச் சேர்ந்தது.

கண் செய்யும் வேலை

சுவைப்பவர் முதலில் கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து ஒயினின் ஓரத்தைப் பார்க்கிறார். இளம் சிரா ஊதா கலந்த கருமை. கிரெனாஷ் மங்கலான சிவப்பு. வயதானால் ஓரம் செங்கல் நிறமாகும். தோலிலிருந்து வரும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் காரணம். நாளாக ஆக அது டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு பிணைந்து சிவப்பிலிருந்து பழுப்பை நோக்கி நகர்கிறது. ஆக, நிறத்தை வைத்து ரகத்தையும் வயதையும் ஓரளவு ஊகிப்பது நியாயமானதே.

கோப்பையைச் சுழற்றி நிறுத்தினால் உட்சுவரில் துளிகள் கோடு கோடாக இறங்கும். பிரெஞ்சுக்காரர்கள் இவற்றை ஒயினின் கண்ணீர் என்பார்கள். தரமான ஒயினின் அடையாளம் என்று பலரும் நம்புகிறார்கள். 1855-இலேயே ஜேம்ஸ் தாம்சன் இதற்கு இயற்பியல் விளக்கம் தந்துவிட்டார். கண்ணாடியில் படர்ந்த மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் முதலில் ஆவியாகிறது. அங்கே பரப்பு இழுவிசை கூடி, கீழிருந்து மேலும் ஒயினை இழுக்கிறது. எடை தாங்காமல் அது துளியாக வழிகிறது. கண்ணீர் காட்டுவது ஆல்கஹாலின் அளவை மட்டுமே. கிரெனாஷ் நிறையவே அழும்.

கண் இதோடு நின்றால் நல்லது. நிற்பதில்லை. மொன்பெல்லியேயைச் சேர்ந்த ழில் மொரோவும் போர்தோவின் ஃப்ரெதெரிக் ப்ரோஷே, தெனி துபுர்தியே ஆகியோரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்கள் முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் முகர்ந்து வாசனைகளை எழுதினார்கள். அடுத்த அமர்வில் அதே வெள்ளை ஒயினை, மணமில்லாத சிவப்பு நிறமி கலந்து, சிவப்பு போலக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களையே மாணவர்கள் அதற்கும் எழுதினார்கள். தேன், எலுமிச்சை போய்க் கரும்பழங்கள் வந்தன. நிபுணர்களின் பழைய சுவைக்குறிப்புகளைப் பெருமளவில் அலசியபோதும் இதே போக்கு தெரிந்தது. சிவப்பு ஒயினுக்குக் கருமையும் சிவப்புமான பொருள்களின் பெயர்கள். வெள்ளை ஒயினுக்கு மஞ்சளும் வெளிறியதுமான பொருள்களின் பெயர்கள்.

கண்ணுக்கு இருக்கும் இந்த அதிகாரத்தை ப்ரொவான்ஸின் ரோஸே ஒயின்காரர்கள் நன்றாக அறிவார்கள். வீதோபான் ஊரில் ரோஸே ஒயினுக்கென்றே ஆராய்ச்சி மையம் 1999 முதல் இயங்குகிறது. இளஞ்சிவப்பின் சாயல்களுக்கு அது நிற அட்டவணை வகுத்திருக்கிறது: லிச்சி, பீச், மாம்பழம் என்று பழப் பெயர்களால். நிறத்துக்குப் பழத்தின் பெயரை வைத்தபின் மூக்கு அதே பழத்தைத் தேடாமல் இருக்குமா? நிறத்தின் தூண்டுதல் இல்லாமல் சோதிக்க விரும்புகிறவர்கள் கருப்புக் கண்ணாடிக் கோப்பையைப் பயன்படுத்துகிறார்கள்.

மூக்கின் எல்லை

நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறது. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. சுமார் 400 வகை ஏற்பிகள் அங்கே உள்ளன. வாயில் இருக்கும் ஒயினின் ஆவி தொண்டையின் பின்வழியாக ஏறியும் அவற்றை அடைகிறது. சளி பிடித்தபோது சாப்பாடு ருசிக்காமல் போவது இந்த வழி அடைபடுவதால்தான். சுவைப்பவர்கள் ஒயினை வாயில் வைத்துக்கொண்டு சிறிது காற்றை உறிஞ்சுவதும் இதற்காகவே.

இவ்வளவு கருவி இருந்தும் ஒரு தடை உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிட் லாயிங் கலவை வாசனைகளை வைத்துச் செய்த சோதனைகளில், ஒரு கலவைக்குள் இருக்கும் மணங்களில் மூன்று நான்குக்கு மேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாசனைத் தொழிலில் பயிற்சி பெற்றவர்களும் இந்த வரம்பைத் தாண்டவில்லை. ஒரு ஒயினில் பன்னிரண்டு பழம், மூன்று பூ, இரண்டு மரம் என்று அடுக்கும் குறிப்பைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மூன்று நான்கு மணங்களுக்குப் பின்னால் உறுதியான வேதியியல் இருக்கிறது. ருசியோனிலும் ஃப்ரோந்தின்யானிலும் இனிப்பு ஒயினாகும் மஸ்கட் ரகத்தை எடுத்துக்கொள்வோம். இதன் பழத்தைக் கடித்தாலே பூ மணம் வரும். லினலூல், ஜெரானியோல் போன்ற டெர்பீன்கள் பழத்திலேயே நிறைய இருப்பதுதான் காரணம். கொத்துமல்லி விதையின் மணத்தில் பெரும்பங்கு லினலூல். ரோஜா எண்ணெயின் முக்கியக் கூறுகளில் ஒன்று ஜெரானியோல். ஆகவே மஸ்கட்டில் “ரோஜா” என்று எழுதுபவர் கற்பனை செய்யவில்லை.

வெளிப்படும் மணத்தைவிடப் பழத்தில் மறைந்திருக்கும் மணம் அதிகம். 1974-இல் மொன்பெல்லியேயின் கோர்தோனியே, பயோனோவ் ஆகிய இரு ஆய்வாளர்கள் மஸ்கட் பழத்தில் மணமற்ற வடிவிலும் டெர்பீன்கள் இருப்பதைக் கண்டார்கள். அவை சர்க்கரையோடு பிணைந்திருப்பதால் ஆவியாவதில்லை, மூக்குக்கு எட்டுவதில்லை. அமிலமும் நொதிகளும் அந்தப் பிணைப்பை அறுக்கும்போதுதான் மணம் வெளியே வருகிறது. கிரெனாஷ், சிரா போன்ற ரகங்களின் சாறு பெரிதாக மணப்பதில்லை, ஒயின் மணக்கிறது என்ற புதிருக்கு இங்கே பாதி விடை. மீதிப் பாதி ஈஸ்டின் கைவண்ணம்: நொதித்தலில் உருவாகும் எஸ்டர்கள் பொதுவான பழ மணத்தைத் தருகின்றன.

கிரெனாஷ் ரோஸேயில் ஸ்ட்ராபெரி மிட்டாய் மணம் என்பார்கள். ஃபுரனியோல் என்ற சேர்மம் அதில் உண்டு. ஸ்ட்ராபெரியிலும் அன்னாசியிலும் இருப்பதும் அதுவே. அதே ஒயினில் பம்ப்ளிமாஸ் வகைப் பழத்தின் மணத்தைத் தருவது கந்தகம் கொண்ட தயோல். திராட்சையில் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கிடக்கும் மணமற்ற முன்பொருளை ஈஸ்ட் வெட்டி விடுவிக்கிறது. முதிர்ந்த சிராவிலும் கிரெனாஷிலும் கருப்பு ஆலிவ், ட்ரஃபிள் காளான் என்று எழுதுவது வழக்கம். ரோன் பள்ளத்தாக்கின் ஒயின்களை 2004-இல் ஆராய்ந்த பிரெஞ்சுக் குழு, இதில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற இன்னொரு கந்தகச் சேர்மத்தின் பங்கைக் காட்டியது.

தென் பிரான்சுக்கே உரிய ஒரு சொல் “காரிக்”. தைம், ரோஸ்மேரி, லாவெண்டர் முதலான புதர்கள் வெயிலில் காய்ந்து மணக்கும் சுண்ணாம்புக் கரட்டு நிலத்தின் பெயர் அது. ஒயினில் காரிக் மணக்கிறது என்பது வெறும் ஊர்ப்பற்றா? ஆஸ்திரேலியாவில் தைல மரங்களுக்கு அருகிலுள்ள கொடிகளின் ஒயினில் சினியோல் என்ற தைல மணப்பொருள் அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருப்பதை அளந்திருக்கிறார்கள். அறுவடையில் தைல இலைகள் சேர்ந்து விழுந்தால் அளவு இன்னும் கூடுகிறது. சுற்றியுள்ள செடியின் மணம் ஒயினுக்குள் போக முடியும் என்பதற்கு இது சான்று. போதாததற்கு, ரோஸ்மேரியிலும் தைமிலும்கூட ரோட்டண்டோன் உண்டு. ஒருவர் மிளகு என்றும் இன்னொருவர் காட்டுமூலிகை என்றும் சொல்வது ஒரே மூலக்கூறையாக இருக்கலாம்.

மண்ணின் பெருமையாகச் சொல்லப்பட்டதெல்லாம் மண்ணிலிருந்து வந்ததும் இல்லை. பழைய பாணி மூர்வெத்ர் ஒயின்களில் தோல், குதிரை லாயம் போன்ற வாசனை வந்தால் அதை ரகத்தின் குணம், நிலத்தின் குணம் என்று பாராட்டியவர்கள் உண்டு. பல புட்டிகளில் அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பீப்பாய்க்குள் புகுந்து உண்டாக்கும் எத்தில் ஃபீனால்களின் வேலை. பீப்பாயைச் சுத்தமாக வைத்தால் அந்த “நிலத்தின் குணம்” காணாமல் போய்விடும்.

வாய் சொல்வது

வாயில் நிகழ்வது பெரும்பாலும் சுவை என்பதைவிடத் தொடுகை. டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய், நாக்கும் கன்னமும் உரசிக்கொள்கின்றன. கொட்டைப் பாக்கை மெல்லும்போது நடப்பதும் இதுதான். நம் அறுசுவைப் பட்டியலில் துவர்ப்பும் கார்ப்பும் இடம்பெறுகின்றன. இன்றைய உடலியல் இரண்டையும் நாக்கின் சுவை மொட்டுகளிலிருந்து பிரித்துத் தொடுவுணர்வு நரம்புகளின் கணக்கில் எழுதுகிறது.

புளிப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்வது எளிது. ஒயினைத் துப்பிய பின் சில நொடிகள் காத்திருந்தால் தெளிந்துவிடும். எச்சில் ஊறிக்கொண்டே வந்தால் அமிலம். கன்னம் பல்லோடு ஒட்டினால் டானின். தோ கடற்கழியின் கரையில் விளையும் பிக்பூல் என்ற வெள்ளை ரகம் முதல் வகைக்கு நல்ல உதாரணம். அத்தனை வெயிலிலும் புளிப்பை விடாமல் காக்கும் இந்த ஒயினை அந்தக் கழியிலேயே வளரும் சிப்பியோடு சாப்பிடுவது அங்குள்ள வழக்கம். இளம் மூர்வெத்ர் இரண்டாம் வகை. காரிஞானில் இரண்டும் உண்டு.

கிரெனாஷ் தரும் உணர்வு வேறு: தொண்டையில் இதமான சூடு. மிளகாயின் காரத்தை உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுவதால் வருவது இது. அளவோடு இருந்தால் ஒயின் நிறைவாகத் தோன்றும்; மிஞ்சினால் பழ மணத்தை மங்கச் செய்து எரிச்சல் மட்டும் நிற்கும். பருவநிலை மாற்றம் இந்தச் சமநிலையைக் குலைத்துக்கொண்டிருக்கிறது. 2019 ஜூன் 28 அன்று லாங்குடாக்கின் வேரார்க் என்ற ஊரில் 46.0 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரான்சில் அதுவரை எங்கும் கண்டிராத வெப்பம். வெயில் கூடக் கூடப் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது, அமிலம் இறங்குகிறது. ரோட்டண்டோன் குளிர்ந்த ஆண்டுகளிலும் நிழலில் தொங்கும் குலைகளிலும் அதிகம் சேர்வது. வெப்பத்தில் அதுவும் குறைகிறது.

பரிமாறும் சூடுகூடக் குறிப்பை மாற்றிவிடும். ஒயின் குளிர்ந்திருந்தால் டானின் உறுத்தும், வெதுவெதுப்பானால் ஆல்கஹால் முந்தி நிற்கும். சிவப்பு ஒயினை 16 முதல் 18 டிகிரி வரை வைத்துச் சுவைப்பது இதனால்தான். தொழில்முறைச் சுவைஞர்கள் விழுங்காமல் துப்பிவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தெளிவான தீர்ப்புக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் அதுவே நல்லது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்திருக்கிறது.

சொல்லும் பயிற்சியும்

1980-களில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் ஒயின் மணங்களை ஒரு சக்கரமாக வரைந்தார். நடுவளையத்தில் பழம், பூ, மரம் என்ற பொதுப் பெயர்கள். வெளிவளையத்தில் இன்ன பழம், இன்ன பூ என்ற நுட்பப் பெயர்கள். “நேர்த்தி”, “கம்பீரம்” போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கையில் எடுத்து முகரக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் விதி. மிளகு என்று எழுத வேண்டுமானால், மிளகைச் சாதாரண ஒயினில் ஊறவைத்து முதலில் முகர்ந்து பார். இந்த விதி ஒரு சுதந்திரமும் தருகிறது. காசிஸ் பழத்தைப் பார்த்தே இராதவர் அந்தப் பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை. நாவல் பழம் என்று எழுதலாம், அது நினைவுக்கு வந்தால்.

பயிற்சியால் மூக்கு கூர்மையாகிறதா? இல்யா க்ரோய்மன்ஸும் ஆசிஃபா மஜீதும் 2016-இல் ஒயின் நிபுணர்களைச் சோதித்தார்கள். ஒயின் மணங்களை விவரிப்பதில் அவர்கள் ஒருவரோடொருவர் மற்றவர்களைவிட அதிகம் ஒத்துப்போனார்கள். அன்றாட வாசனைகளைக் கொடுத்தபோது சாதாரண மனிதர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. பயிற்சி தந்தது, தம் துறைக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுச் சொற்களஞ்சியம்.

மதிப்பெண் போடுவதில் நிலைமை இன்னும் சுமார். கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு ஒரே புட்டியின் ஒயினை மூன்று முறை, சொல்லாமல், கலந்து கொடுத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். 2008-இல் வந்த அந்த ஆய்வில், மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே தரத்தில் வைத்தவர்கள் பத்தில் ஒரு பங்கினர்தான். ஆகவே “92 புள்ளி” என்பதைவிட “வாய் வறண்டது, புளிப்பு மிதம், மிளகு வாசம், ஓரம் ஊதா” என்ற நான்கு சொற்கள் அதிகச் செய்தி சொல்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்தவர் சரிபார்க்கக் கூடியது.

சரிபார்க்கும் வழி ஒன்று உண்டு. மூன்று கோப்பைகளில் கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் ஒயின்களை ஊற்றி ஒருவர் குறிப்பு எழுத வேண்டும். இன்னொருவர் குறிப்பை மட்டும் படித்து எது எந்தக் கோப்பை என்று சொல்ல வேண்டும். மொழியியலாளர் ஏட்ரியன் லேரர் 1970-களில் சாதாரண ஒயின் பிரியர்களை வைத்து இதுபோலப் பொருத்திப் பார்க்கச் சொன்னபோது, விடைகள் குருட்டு ஊகத்திலிருந்து அதிகம் விலகவில்லை. நிபுணர் எழுதி நிபுணர் படிக்கும்போது விடைகள் மேம்பட்டதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஒயின் சுவைத்தலில் கற்றுக்கொள்ளக்கூடியது ஏதாவது இருக்கிறதென்றால் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. அதற்கு அபூர்வ மூக்கு தேவையில்லை. தான் உணர்ந்ததை இன்னொருவர் தேடிக் கண்டுபிடிக்கும்படி எழுதும் ஒழுக்கம் போதும். குறிப்பைப் படித்தவர் தவறான கோப்பையைத் தொட்டால், திருத்த வேண்டியது பெரும்பாலும் குறிப்பைத்தான்.